கவிதையைப் படிச்சீங்களா, கைடைப் படிச்சீங்களா? (வாசகர் கேள்வி பதில்)

இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கான பரீட்சைகள் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன், இவ்வளவு கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. முப்பது வருஷத்துக்கு மேல அரசுப் பள்ளியில இங்கிலீஷ் எடுத்துட்டு இப்போ ரிட்டயர் ஆகி, டிஆர்பிக்கு (ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துற பரீட்சைக்கு) படிக்கிற பிள்ளைங்களுக்கு சனி ஞாயிறு வீட்டுலயே சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன், அதனால இதெல்லாம் எனக்கு தினசரி பேச்சுதான். எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

மேடம், நான் எம்.ஏ., பி.எட். பிஜி டிஆர்பி (மேல்நிலை வகுப்பு டீச்சர் வேலைக்கான பரீட்சை) ரெண்டு தடவ எழுதிட்டேன். எந்த நாவல் எந்த வருஷம், யார் எழுதுனது, கேரக்டர் பேரு எல்லாம் தலைகீழா சொல்லுவேன். ஆனா நாலு வரி கவிதையைக் குடுத்து இதோட தொனி என்ன, இந்தப் படிமம் எதைக் குறிக்குதுன்னு கேட்டா திணறிப் போயிடுறேன். நாலு ஆப்ஷனும் சரி மாதிரியே தெரியுது. எப்படிப் படிக்கணும்? – வாசகி, விருத்தாசலம்

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேம்மா, இது உங்க ஒருத்தரோட குறை இல்ல. 150 கேள்வி, மூணு மணி நேரம், அதுல 110 பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு, இதுதான் பிஜி டிஆர்பி. இதுல வருஷம் கேப்பான், பேரு கேப்பான்னு சொல்லிச் சொல்லியே நம்மள பழக்கிட்டாங்க, அதனால கவிதையைப் பத்தி எல்லாம் படிக்கிறோம், கவிதையை மட்டும் படிக்கிறதில்ல. எங்கிட்ட வர்ற பிள்ளைங்ககிட்ட முதல் நாளே கேப்பேன், இந்தக் கவிதையை முழுசா ஒரு தடவையாவது வாய்விட்டுப் படிச்சிருக்கியான்னு. பாதிப் பேர் தலையைக் குனிஞ்சுக்குவாங்க. கைடுல இருக்கிற சுருக்கத்தைத்தான் படிச்சிருப்பாங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். ராபர்ட் ஃப்ராஸ்டோட 'தி ரோடு நாட் டேக்கன்' நம்ம எல்லாருக்கும் தெரியும், சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் புக்குல எல்லாம் ரொம்ப வருஷம் இருந்துச்சு. இதோட கருத்து என்னன்னு கேட்டா எல்லாரும் என்ன சொல்லுவோம்? ஊரே போற பாதையில போகாத, யாரும் போகாத பாதையில துணிஞ்சு போ, வாழ்க்கையில ஜெயிப்ப. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நடத்துனேன். ஒருநாள் பதினொண்ணாம் வகுப்புல இதைப் படிச்சுக் காட்டிட்டு இருந்தப்ப பின் பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு எழுந்திருச்சு, "டீச்சர், ரெண்டு பாதையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தேஞ்சிருந்துச்சுன்னு அவரே சொல்றாரே, அப்புறம் எப்படி அது யாரும் போகாத பாதை ஆகும்?"னு கேட்டா. நான் புக்கைப் பார்த்தேன். ஆமா, ரெண்டாவது ஸ்டான்ஸாவுல அப்படியேதான் இருக்கு. மூணாவதுல, அன்னைக்குக் காலையில ரெண்டு பாதையிலயும் உதிர்ந்த இலை ஒரே மாதிரி கிடந்துச்சு, ஒரு காலடி கூட படலன்னு வேற இருக்கு. அப்புறம் கடைசி ஸ்டான்ஸாவுலதான், ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு பெருமூச்சோட நான் இதைச் சொல்லிட்டு இருப்பேன், ஆள் அதிகம் போகாத பாதையில போனேன், அதுதான் எல்லாத்தையும் மாத்துச்சுன்னு வருது. அதாவது அது நடந்தது இல்ல, பின்னாடி ஒருநாள் எப்படிச் சொல்லிக்கப் போறேன்னு இப்பவே யோசிக்கிறது. தலைப்பைப் பாருங்க, போன பாதை இல்ல, போகாம விட்ட பாதை.

இங்கிலாந்துல இருந்தப்ப தன்னோட நடந்து வந்த நண்பர் எட்வர்ட் தாமஸை மனசுல வச்சு ஃப்ராஸ்ட் எழுதுன கவிதை இது. எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் போயிருக்கலாமேன்னு வருத்தப்படுற சுபாவம் தாமஸுக்கு. 1915ல பத்திரிகையில வந்துச்சு, 1916ல தொகுப்புல வந்துச்சு, 1917ல தாமஸ் போர்ல இறந்துட்டார். இது தெரிஞ்சா கவிதை இன்னும் நெருக்கமா வரும். ஆனா இதெல்லாம் எதுவுமே தெரியாம, கையில இருந்த வரியை மட்டும் வச்சு அந்தப் பொண்ணு பிடிச்சா பாருங்க, அதுக்குப் பேருதான் இன்டர்ப்ரெடேஷன். அந்தத் திறமையைத்தான் டீச்சர்கிட்ட பரீட்சை தேடணும், நாமளும் அதைத்தான் வளர்த்துக்கணும்.

அப்போ பரீட்சை ஹால்ல என்ன பண்றது? நான் சொல்லிக்குடுக்கிறது ஒரே ஒரு பழக்கம்தான். ஒவ்வொரு ஆப்ஷனா எடுத்து, இதுக்கு கவிதையில எந்த வார்த்தை சாட்சின்னு அந்த வரி மேல விரலை வைங்க. 'துணிச்சல்'னு ஒரு ஆப்ஷன் இருந்தா துணிச்சலுக்கு எந்த வரி? விரல் எங்கயும் நிக்கலன்னா அந்த ஆப்ஷனை விட்டுடுங்க, அது எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. அப்புறம் யாரு பேசுறாங்க, யார்கிட்ட, கவிதை எந்த இடத்துல திரும்புது, அந்த 'பட்', 'யெட்', 'தோ' எல்லாம் எங்க வருதுன்னு பாருங்க. தொனி அனேகமா அந்தத் திருப்பத்துலதான் மாறும். தினம் ஒரு கவிதை, பேரும் விளக்கமும் பார்க்காம, மூணு தடவ சத்தமா. அதுக்கப்புறம் நாலு வரி நீங்களே எழுதுங்க. கைடை அதுக்கப்புறம் திறங்க.

இன்னொண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கிறது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் எழுதுன 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' புத்தகம், 1929, இது நமக்கு ஒரு மார்க் கேள்வி, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். அந்த மனுஷன் என்ன பண்ணுனார்? கேம்பிரிட்ஜ்ல தன்கிட்ட படிச்ச பிள்ளைங்களுக்கு கவிஞர் பேரு இல்லாம வெறும் கவிதையை மட்டும் அச்சடிச்சுக் குடுத்து, படிச்சுட்டு தோணுறதை எழுதுங்கன்னார். நல்லாப் படிச்ச பிள்ளைங்களே தடுமாறிப் போனாங்க, சாதாரண அர்த்தம் கூட பிடிபடல. ஏற்கெனவே மனசுல தயாரா வச்சிருந்த பதிலைக் கவிதை மேல ஒட்டுனாங்க, அதைத்தான் அவர் ஸ்டாக் ரெஸ்பான்ஸ்னார். 'போகாத பாதையில போ'ன்னு நாம சொன்னோமே, அதுவும் அதேதான். அவரு பேரையும் வருஷத்தையும் மனப்பாடம் பண்ணுற நாம அவர் வச்ச பயிற்சியை ஒரு தடவ கூட செஞ்சு பார்க்கலங்கிறது எனக்கு உண்மையிலேயே வலிக்குது. தோழிங்க ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு செஞ்சு பாருங்க, ஒருத்தர் பேரை மறைச்சு கவிதை எடுத்துட்டு வரணும், மத்தவங்க படிச்சு எழுதணும். மூணே மாசத்துல வித்தியாசம் தெரியும்.

ஒரு கவிதைக்கு ரெண்டு விதமா பொருள் சொல்லலாம்னா ஆப்ஷன் வச்சு எப்படிப் பரீட்சை வைக்க முடியும்? ஆன்சர் கீயில தப்பா போட்டுட்டா நம்ம மார்க் போயிடுதே. – வாசகர், தென்காசி

ஆன்சர் கீ விஷயத்தை முதல்ல சொல்லிடுறேன். டிஆர்பி முதல்ல தற்காலிக கீ வெளியிடும், ஆட்சேபணை இருந்தா அவங்க சொல்ற தேதிக்குள்ள ஆதாரத்தோட அனுப்பணும். ஆதாரம்னா ஸ்டாண்டர்ட் புக்ஸ்தான், கைடு, கோச்சிங் சென்டர் நோட்ஸ் எல்லாம் எடுத்துக்க மாட்டாங்க. அதனால படிக்கிறப்பவே எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம்னு ஓரமா குறிச்சு வச்சுக்கோங்க, அந்த நேரத்துல போய்த் தேடி ஓட முடியாது.

பொருள் விஷயம்தான் பெருசு. இது நம்ம தமிழ் ஆளுங்களுக்குப் புதுசே இல்ல தம்பி. திருக்குறளுக்குப் பழைய உரை மட்டும் பத்து பேர் எழுதுனாங்கன்னு சொல்றோம். 37வது குறளை எடுத்துக்கோங்க, "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை." பரிமேலழகர் என்ன சொல்றார்? அறத்தோட பயன் இதுதான்னு நூல் சொல்லி விளக்க வேண்டாம், பல்லக்கைத் தூக்குறவனையும் ஏறிப் போறவனையும் பார்த்தாலே தெரியும்னார். பின்னாடி வந்தவங்க, பல்லக்கு தூக்குறவனையும் ஏறிப் போறவனையும் காட்டி, இதுதான் அறத்தோட பலன்னு சொல்லாதேன்னு படிச்சாங்க. நேர் எதிர் பொருள்! ரெண்டு பேரும் அதே ஏழு சீரைத்தான் வச்சிருக்காங்க, 'வேண்டா'ங்கிற ஒரு சொல்லை எங்க கொண்டு போய்ச் சேர்க்கிறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

இப்போ இதை வச்சு 'இந்தக் குறளின் கருத்து யாது'ன்னு நாலு ஆப்ஷன் குடுத்தா அது மோசமான கேள்வி. 'பரிமேலழகர் உரைப்படி இதன் பொருள் யாது'ன்னா நியாயமான கேள்வி, ஆனா ஞாபகத்தைத்தான் சோதிக்குது. 'இந்த ரெண்டு உரையும் எந்தச் சொல்லைப் பிரிச்சுப் படிக்கிறதுல மாறுது'ன்னு கேட்டா, அதுதான் ஆப்ஷன் வச்சும் வாசிப்பைச் சோதிக்கிற கேள்வி. இங்கிலீஷ் கவிதைக்கும் இதே மாதிரி கேக்க முடியும். கேள்வி தயாரிக்கிறவங்க நேரம் செலவழிக்கணும், அவ்வளவுதான், ஆனா அந்த நேரத்தைச் செலவழிக்க வேண்டிய கடமை அவங்களுக்கு இருக்கு, ஏன்னா எழுதுறவங்க வருஷக்கணக்குல வேலையை விட்டுட்டு உக்காந்து படிச்சுட்டு வர்றாங்க.

மெட்ராஸ் சிஸ்டம்னு எஜுகேஷன் பேப்பருக்குப் படிக்கிறப்ப வருது. அது என்ன, நம்ம மெட்ராஸ்தானா? – வாசகி, மணப்பாறை

நம்ம மெட்ராஸேதான். ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார், 1789ல எழும்பூர்ல ராணுவக்காரங்களோட ஆதரவில்லாத ஆண் பிள்ளைங்களுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பா வந்தார். நம்ம ஊர்ப் பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் பழகுறதைப் பார்த்தார், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்குடுக்கிற முறையைத் தன் பள்ளியில கொண்டு வந்தார், 1797ல லண்டன்ல புத்தகமா போட்டார். திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தர் இருப்பாரே, அதை நினைச்சுக்கிட்டா மறக்காது.

கிராமர் டிரான்ஸ்லேஷன், டைரக்ட், பைலிங்குவல், ஸ்ட்ரக்சுரல், கம்யூனிகேட்டிவ்னு மெத்தட் மெத்தடா படிச்சு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்புது. எது பெஸ்ட் மெத்தட்னு கேள்வி வந்தா என்ன போடுறது? நிஜ கிளாஸ்ல இதெல்லாம் உபயோகப்படுமா? – வாசகர், அருப்புக்கோட்டை

குழம்புறதுக்குக் காரணம் டெஃபினிஷனை மட்டும் படிக்கிறது. ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கிட்டு அஞ்சு மெத்தட்லயும் நீங்களே பாடம் நடத்திப் பாருங்க, ஒரு சாயந்திரத்துல தெளிவாயிடும். நான் வழக்கமா எடுக்கிறது "இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் ஸ்டே அட் ஹோம்". கிராமர் டிரான்ஸ்லேஷன்னா 'மழை பெய்தால் நான் வீட்டில் இருப்பேன்'னு போர்டுல எழுதி, இஃப் பக்கம் பிரசன்ட் டென்ஸ், அந்தப் பக்கம் வில்னு விதியைச் சொல்லி, பத்து வாக்கியம் மொழிபெயர்க்கச் சொல்றது. டைரக்ட்னா தமிழே வரக்கூடாது, குடையைக் காட்டு, படத்தைக் காட்டு, நடிச்சுக் காட்டு. இங்கயே ஒரு சிக்கல் புரிஞ்சிரும் உங்களுக்கு, 'மழை'யை நடிச்சுக் காட்டிடலாம், 'பெய்தால்'ங்கிறதை எப்படி நடிச்சுக் காட்டுறது? டாட்சன் 1967ல எழுதுன பைலிங்குவல் மெத்தட் இந்த இடத்துலதான் கை குடுக்குது, டீச்சர் மட்டும் வாக்கியத்தோட பொருளைத் தமிழ்ல ஒருதடவ சொல்லிடலாம், அதுக்கப்புறம் பயிற்சி முழுக்க இங்கிலீஷ்லதான். ஸ்ட்ரக்சுரல்னா அதே சட்டத்துல வார்த்தையை மட்டும் மாத்தி மாத்திப் போட்டு வாயால பழக்குறது, இஃப் ஹி கம்ஸ், இஃப் ஷி கால்ஸ்னு. கம்யூனிகேட்டிவ்னா, நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே, வானம் இருட்டிக்கிட்டு இருக்கு, என்ன பண்ணலாம்னு பிள்ளைங்களையே பேச விடுறது, பேசணும்னா அந்த வாக்கியம் தேவைப்படுற மாதிரி.

இதுல ஸ்ட்ரக்சுரலுக்கு நம்ம மாநிலத்துலயே பெரிய கதை இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 1950கள் கடைசியில மெட்ராஸ் மாநிலத்துல ஆரம்ப வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிற 27,000 டீச்சருங்களுக்கு மறுபயிற்சி குடுக்கணும்னு திட்டம் போட்டாங்க. அத்தனை பேருக்கு ஒரே இடத்துல எப்படி குடுக்கிறது? கொஞ்சம் பேருக்கு முதல்ல பயிற்சி, அவங்க போய் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவங்க போய் மத்தவங்களுக்கு. பனிப்பந்து உருள உருளப் பெருசாகுற மாதிரின்னு இதுக்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்'னே பேரு வச்சு வெளிநாட்டு ஈஎல்டி (இங்கிலீஷ் கற்பித்தல்) பத்திரிகையில எல்லாம் எழுதுனாங்க. பந்து உருள உருள விஷயம் நீர்த்துப் போற ஆபத்து அதுல இருக்கு, மூணாவது கை நாலாவது கைன்னு போறப்ப 'ஏன் இப்படி நடத்துறோம்'ங்கிறது போயிடும், அட்டவணை மட்டும் மிஞ்சும். இன்னைக்கும் மாவட்டத்துல இருந்து வட்டாரத்துக்கு, வட்டாரத்துல இருந்து பள்ளிக்குன்னு டிரெயினிங் வர்றப்ப அதைத்தான் பார்க்குறோம்.

அடுத்தது இங்கிலீஷ் கற்பித்தல்ல ஆராய்ச்சி பண்ணுன என்.எஸ்.பிரபு. இவரைப் படிக்காம பரீட்சைக்குப் போயிடாதீங்க. 1979ல இருந்து 1984 வரைக்கும் பெங்களூரு, சென்னை, கடலூர்னு சில பள்ளிகள்ல இலக்கணத்தைத் தனியா நடத்தாம, பிள்ளைங்களுக்கு யோசிக்க வேண்டிய வேலையைக் குடுத்து அது வழியா மொழி வருதான்னு பார்த்தார். ரயில் டைம் டேபிள், மேப்பு, இந்த மாதிரி. இன்ஃபர்மேஷன் கேப் (ஒருத்தர்கிட்ட இருக்கிற தகவலை இன்னொருத்தருக்குச் சொல்றது), ரீசனிங் கேப் (குடுத்த தகவலை வச்சு யோசிச்சுக் கண்டுபிடிக்கிறது), ஒப்பினியன் கேப் (சொந்தக் கருத்தைச் சொல்றது)னு மூணு வகை சொன்னார், அவரோட சாய்வு ரீசனிங் பக்கம். இதை நான் என் எட்டாம் வகுப்புல செஞ்சு பார்த்திருக்கேன். போர்டுல நாலு பஸ் டைம் எழுதி, மதுரையில பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும், பாட்டியால வேகமா நடக்க முடியாது, எந்த பஸ்ல போகணும்னு இங்கிலீஷ்ல கேட்டேன். அதுவரைக்கும் வருஷம் பூரா வாயே திறக்காத ஒரு பையன், அவன் தினமும் பஸ்ல வர்றவன், எழுந்திருச்சு "நோ மிஸ், நைன் தர்ட்டி பஸ் நோ. பாட்டி ஸ்லோ. எய்ட் ஃபார்ட்டி பஸ்"னான். கிராமர் இல்ல, ஆனா யோசனை முழுக்க அந்த மூணு துண்டுல இருக்கு. "யெஸ், ஷி வாக்ஸ் ஸ்லோலி, ஸோ தே ஷுட் டேக் தி எய்ட் ஃபார்ட்டி பஸ்"னு நான் திருப்பிச் சொன்னேன், அவன் உதடு என்கூடவே அசைஞ்சுச்சு. அதுல எனக்குக் கிடைச்ச சந்தோஷத்தை எந்த மெத்தட் புக்கும் எழுதி வைக்கல.

எது பெஸ்ட்னு கேட்டீங்களே. அதே பிரபு 1990ல ஒரு கட்டுரை எழுதுனார், தலைப்பே 'பெஸ்ட் மெத்தட்னு ஒண்ணு இல்ல, ஏன்?'ங்கிற பொருள்லதான். நான் செய்யுறது எப்படி இந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேருதுன்னு டீச்சருக்கே உள்ளுக்குள்ள ஒரு தெளிவு உயிரோட இருக்கணும், எந்த மெத்தடா இருந்தாலும் இயந்திரம் மாதிரி ஓட்டுனா செத்துப் போயிடும்னு சொன்னார். பரீட்சையில 'பெஸ்ட்'னு மொட்டையா கேக்க மாட்டாங்க, ஒரு வகுப்புச் சூழலைக் குடுத்து எது பொருந்தும்னு கேப்பாங்க. அப்போ அந்த வகுப்பைக் கண்ணுல கொண்டு வாங்க, எத்தன பிள்ளைங்க, என்ன வயசு, வீட்டுல இங்கிலீஷ் கேக்குற பிள்ளையா இல்லையான்னு. ஆப்ஷன் தானா சுருங்கும்.

நான் 18 வருஷமா நடுநிலைப் பள்ளியில இங்கிலீஷ் எடுக்கிறேன், எம்ப்ளாய்மென்ட் சீனியாரிட்டில வந்தவ. இப்போ டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணலன்னா வேலை போயிடும்ங்கிறாங்க. இத்தனை வருஷம் நடத்துனதுக்கு மதிப்பே இல்லையா? ராத்திரி தூக்கம் வரல. – பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

உங்க கடிதத்தை ரெண்டு தடவ படிச்சேன். உங்க வயசுல என்கூட வேலை பார்த்த பலபேர் இதே நிலைமையில இருக்காங்க, போன் பண்ணி அழுறாங்க. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் எடுக்கிறவங்க, ரிட்டயர் ஆக அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு சொல்லுச்சு, அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கிறவங்க வேலையில தொடரலாம், ஆனா பதவி உயர்வு வேணும்னா பாஸ் பண்ணணும். உங்களுக்கு எத்தனை வருஷம் இருக்குன்னு நீங்க எழுதல, முதல்ல அதைக் கணக்குப் பாருங்க.

உங்க கோவத்துல நியாயம் இருக்கு, குறிப்பா இங்கிலீஷ் டீச்சருங்களுக்கு. டெட் ரெண்டாம் தாள் 150 மார்க், அதுல இங்கிலீஷ் வெறும் 30. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, மீதி 60 மார்க் கணக்கு அறிவியல் இல்லாட்டி சமூக அறிவியல். அதாவது இங்கிலீஷ் நடத்துற டீச்சர் தன் பாடத்தைப் போல ரெண்டு மடங்கு சோழர் வரலாறும் அட்ச தீர்க்க ரேகையும் எழுதணும். ஒரு மொழி டீச்சர் கவிதையைப் படிச்சுப் பொருள் சொல்லத் தெரிஞ்சவரா, எழுதப் படிக்கத் திணறுற பிள்ளையை எப்படிக் கைதூக்கி விடுவார்னு கண்டுபிடிக்கிறதுக்கு இது வழியே இல்ல. இந்த 60 மார்க்கை மொழி டீச்சருக்கு மொழியிலயே வைக்கணும், நான் இதை மனசாரச் சொல்றேன்.

ஆனா அதுவரைக்கும் பாஸ் பண்ணணுமே. சமூக அறிவியலை எடுங்க, ஆறுல இருந்து எட்டு வரைக்கும் பள்ளிப் புத்தகத்தை வரிவிடாம படிங்க, அடிப்படை அங்கதான் இருக்கு. முடிஞ்சா பத்து வரைக்கும் போங்க. குழந்தை வளர்ச்சி 30ல உங்க அனுபவம் பேசும், பியாஜே, வைகாட்ஸ்கின்னு பேரைப் பார்த்து பயப்படாதீங்க, நீங்க தினமும் வகுப்புல பார்த்ததுக்குத்தான் அவங்க பேரு வச்சிருக்காங்க. ஒரு பையனுக்கு பக்கத்துல இருக்கிறவன் உதவி பண்ணா கணக்கு வரும், தனியா விட்டா வராதுன்னு உங்களுக்குத் தெரியும்ல, வைகாட்ஸ்கி சொன்னதும் அதுதான். ராத்திரி தூக்கம் வராத அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துப் படிங்கம்மா. எழுதிட்டு எனக்கு எழுதுங்க.

இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு எதுக்கு தமிழ் தகுதித் தேர்வு? – வாசகர், ஓசூர்

30 கேள்வி, 50 மார்க், அதுல 20 எடுத்தா போதும், எடுக்கலன்னா உங்க மெயின் பேப்பரையே பார்க்க மாட்டாங்க. எரிச்சலா இருக்கும், புரியுது. ஆனா நான் இதுக்கு ஆதரவுதான், காரணம் சொல்றேன். நம்ம பிள்ளைங்க பண்ற இங்கிலீஷ் தப்பு முக்கால்வாசி தமிழ்ல இருந்து வருது. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்"னு ஏன் சொல்றான்? 'இருக்காங்க'ங்கிற சொல்லு அவன் மனசுல ஓடுது. 'ஏ', 'தி' எல்லாத்தையும் ஏன் விட்டுடுறான்? தமிழ்ல அந்த இடத்துல ஒண்ணும் வராது. "யெஸ்டர்டே மை அக்கா மேரேஜ் நடந்துச்சு மிஸ்"னு பாதியில வினைச்சொல் வர்றப்ப தமிழுக்குத் தாவுறானே, தமிழ்ல வினை கடைசியில வரும், இங்கிலீஷ்ல நடுவுலயே வந்திருக்கணும், அந்த முட்டுச்சந்துலதான் அவன் நிக்கிறான். தமிழ் தெரிஞ்ச டீச்சருக்கு அது தப்பா தெரியாது, அவன் எந்த இடத்துல நிக்கிறான்னு தெரியும். ஆனா அதுக்கு ஏத்த மாதிரி கேள்வி வரணும், ரெண்டு மொழியோட அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி. அது வந்தா ரொம்ப நல்லா இருக்கும்.

என் மகளோட இங்கிலீஷ் டீச்சர் பரீட்சையில நல்ல ரேங்க் எடுத்து வந்தவங்கன்னு கேள்விப்பட்டேன். ஆனா வகுப்புல பாடத்தை வாசிச்சு தமிழ்ல அர்த்தம் சொல்லிட்டு கேள்வி பதிலை போர்டுல எழுதிப் போடுறாங்க, அவ்வளவுதான். பரீட்சை எதைத்தான் பார்த்துச்சு? – ஒரு தாய், திருவாரூர்

அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. வட்டத்தை நிரப்பி வேலைக்கு வந்தவங்க அவங்க, ஒரு பாடத்தை நடத்திக் காட்டுங்கன்னு யாரும் கேக்கவே இல்ல. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, பணி ஆணை. நடுவுல ஒரு பிள்ளை முன்னாடி நின்னு பேசுற இடமே கிடையாது.

வேற இடங்கள்ல எப்படின்னா, அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல நடுநிலைப் பள்ளி இங்கிலீஷ் டீச்சருக்கு வைக்கிற பிராக்ஸிஸ் தேர்வுல ஆப்ஷன் கேள்வியோட எழுதுற கேள்வி ரெண்டு உண்டு, ஒண்ணுல ஒரு பகுதியைக் குடுத்து விளக்கச் சொல்லுவாங்க, இன்னொண்ணுல வாசிப்பையோ எழுத்தையோ எப்படிச் சொல்லிக்குடுப்பீங்கன்னு கேப்பாங்க. கேம்பிரிட்ஜ் நடத்துறதுலயே ரெண்டு விதம் இருக்கு. டிகேடின்னு ஒண்ணு, ஒரு மாட்யூலுக்கு 80 நிமிஷத்துல 80 கேள்வி, அது அறிவை மட்டும் பார்க்குது. செல்டான்னு இன்னொண்ணு, அதுல நிஜ மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் எடுக்கணும், பின்னாடி உக்காந்து பார்த்து மதிப்பிடுவாங்க. லட்சக்கணக்குல எழுதுற நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஆறு மணி நேரம் முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா எழுத்துத் தேர்வுல தேறி சான்றிதழ் சரிபார்ப்புக்கு வர்றவங்க கொஞ்சம் பேருதானே, அவங்களுக்கு மட்டும் ஒரு அரைப் பக்கம் எழுதக் குடுங்க. பேரு போடாத ஒரு கவிதை, பக்கத்துல ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு எழுதுன ஒரு பதில். இந்தப் பிள்ளை எந்த வரியில வழி மாறுனா, நாளைக்குக் காலையில அவகிட்ட முதல்ல என்ன கேப்பீங்க? அந்த அரைப் பக்கத்துல இலக்கியமும் தெரிஞ்சிரும், மெத்தடும் தெரிஞ்சிரும், ரெண்டையும் தனித்தனி பேப்பரா பிரிச்சதுதான் நாம செஞ்ச பெரிய தப்புன்னு எனக்குத் தோணுது.

நீங்க இப்போதைக்கு ஒண்ணு பண்ணலாம். வீட்டுல மகளை அந்தப் பாடத்தைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியணும்னு இல்ல, "இதுல யாரு யார்கிட்ட பேசுறாங்க, எங்க கோவப்படுறாங்க, எந்த வரியில அது தெரியுது"ன்னு தமிழ்லயே கேளுங்க. அவ தேடிக் காட்டட்டும்.

மூணு மாசத்துல பரீட்சை. கைக்குழந்தை இருக்கு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், அதுவும் குழந்தை தூங்குறப்ப. நீங்க சத்தமா படிங்கன்னு சொல்றீங்க, குழந்தை எழுந்துக்குமே! – வாசகி, நாமக்கல்

எழுந்துக்காதும்மா. ஷேக்ஸ்பியர் சானட்டை எடுத்துக்கோங்க, 1609ல வந்த தொகுப்பு, மொத்தம் 154, அனேகமா எல்லாமே 14 வரி. பெரும்பாலும் ஒரு வரிக்குப் பத்து அசை, மெதுவா ஒண்ணு அழுத்தமா ஒண்ணுன்னு அஞ்சு தடவ தட்டும். குழந்தையை மடியில போட்டுக்கிட்டு அந்த அழுத்தம் வர்ற இடத்துல முதுகுல மெல்லத் தட்டிக்கிட்டே படிங்க. ஒரு வாரத்துல ஐயாம்பிக் பென்டாமீட்டர் உங்க கைக்கு வந்திரும், எந்த வரியில தட்டு தவறுதுன்னு கையே சொல்லும், அப்படித் தவறுற இடத்துலதான் கவிஞர் ஏதோ செய்யுறார்னு அர்த்தம், அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டு ஏன்னு யோசிங்க. ஒன்பதாவது வரியையும் கடைசி ரெண்டு வரியையும் கவனிங்க, பேச்சு திரும்புறது அனேகமா அங்கதான். குழந்தை பதினாலாவது வரி வர்றதுக்குள்ள தூங்கிடும், அடுத்த சானட்டுக்குப் போங்க. மெத்தடாலஜி நோட்ஸ் எல்லாம் நீங்க பாத்திரம் கழுவுறப்ப போன்ல பேசி ரெக்கார்டு பண்ணி வச்சுக் கேளுங்க, உங்க குரல்லயே இருக்கட்டும்.